நார்ஃபோக் முதல் மயாமி வரை மோட்டார் படகில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம், பெருங்கடலுக்குள் இறங்காமலே வர்ஜீனியாவிலிருந்து ஃபுளோரிடா வரை படகில் போகலாம் என்று சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. நம்பிய பிறகு கேள்விகளை நிறுத்துவதில்லை. உறவினர்களும் நண்பர்களும், எங்கள் படகில் ஓரிரு நாள் தங்கிப் போனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே பதில்களோடு தொகுத்திருக்கிறேன். எங்களுடையது ‘ட்ராலர்’ வகைப் படகு. மீன்பிடிப் படகல்ல, அந்தச் சாயலில் கட்டிய உல்லாசப் படகு, மெதுவாகத்தான் போகும். பதில்களிலும் அந்தச் சாய்வு தெரியும்.

இது ஆறா, கால்வாயா, கடலா?

மூன்றும் கலந்தது. பெயர் அட்லாண்டிக் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. படகுக்காரர்கள் ஐசிடபிள்யூ என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்தக் கரையில் நிலத்துக்கும் கடலுக்கும் நடுவே நீளமான மணல் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு உட்புறமுள்ள கழிகளையும் ஆறுகளையும் சதுப்பு ஓடைகளையும் வெட்டுக்கால்வாய்களால் கோத்து உண்டாக்கிய பாதை இது. சென்னைப் பக்கம் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு உடனே பிடிபடும். இது மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒரே மூச்சில் வெட்டியதல்ல. கரையோரமாக உள்நாட்டு நீர்வழி வேண்டும் என்று 1808-இலேயே நிதிச் செயலர் ஆல்பர்ட் காலட்டின் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதற்கு முன்பே டிஸ்மல் ஸ்வாம்ப் என்ற சதுப்புக்காட்டினூடே ஒரு கால்வாய் 1805-இல் திறக்கப்பட்டிருந்தது. அதை வெட்டியவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு துண்டை வெட்டிச் சேர்த்தது. 1942-இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வட கரோலினாவின் ஹாட்டராஸ் முனைக்கு வெளியே கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தபோது, உள்ளே ஒரு வழி இருப்பதன் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

நீளம் எவ்வளவு? எத்தனை நாள் ஆகும்?

வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் ‘மைல் 0’. மயாமி ஏறத்தாழ மைல் 1,090. கீ வெஸ்ட் வரை போனால் 1,243. இவை கடல் மைல்கள் அல்ல, சாலையில் அளக்கும் சாதாரண மைல்கள். ஊர், பாலம், மரினா (படகுகளைக் கட்டித் தங்கும் துறை) எல்லாவற்றுக்கும் மைல் எண்தான் முகவரி. படகின் வேகமானி கடல் மைலில் காட்டும், வழிகாட்டிப் புத்தகம் சாதாரண மைலில் சொல்லும். 7 நாட், அதாவது மணிக்கு 7 கடல் மைல் என்பது, மணிக்கு ஏறத்தாழ 8 சாதாரண மைல். இந்த ஒரு மாற்றத்தை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாளுக்கு 50 மைல் என்று வைத்தால் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அது காகிதக் கணக்கு. காற்று, மழை, பழுது, பிடித்துப்போன ஓர் ஊர் என்று ஒவ்வொன்றும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். ஐந்தாறு வாரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மயாமியில் இன்ன தேதியில் விமானம் என்று டிக்கெட் வாங்கிவிட்டுப் படகேறுகிறவர்கள்தாம் மோசமான வானிலையில் போகக்கூடாத இடத்தில் போகிறார்கள்.

வேகப் படகு வைத்திருந்தால் சீக்கிரம் முடிக்கலாமே?

கொஞ்சம் முடிக்கலாம், நினைக்கும் அளவுக்கு அல்ல. மரினாக்கள், வீடுகளின் படகுத்துறைகள், கடற்பசு வாழும் பகுதிகள் என்று வழி நெடுகிலும் வேகக் கட்டுப்பாடு உண்டு. ஃபுளோரிடாவில் கடற்பசுக்களைக் காக்க அறிவிப்புப் பலகை வைத்த இடங்களில் ஊர்ந்துதான் போகவேண்டும், மீறினால் அபராதம். போதாததற்கு, உங்கள் படகு கிளப்பும் அலையால் யாருக்கு என்ன சேதம் வந்தாலும் பொறுப்பு உங்களுடையது. அறிவிப்புப் பலகை இல்லாத இடத்திலும் அப்படித்தான்.

எரிபொருள் வேறு இருக்கிறது. 36 அடி ட்ராலர், ஒற்றை டீசல் என்ஜினில் 7 நாட் வேகத்தில் மணிக்கு இரண்டு மூன்று காலன் குடிக்கும். அதே அளவுள்ள வேகப் படகு இரட்டை என்ஜினை முடுக்கி நீர்மேல் எழும்பிப் பறந்தால் மணிக்கு 30 காலனையும் தாண்டும். நீரைப் பிளந்து போகும் படகுக்கு அதன் நீளமே ஓர் உச்ச வேகத்தை விதித்துவிடுகிறது. அதை மீற முயன்றால் டீசல்தான் தீரும். அடுத்த பாலத்தின் முன்னால் அந்த வேகப் படகும் நாங்களும் சேர்ந்தே காத்திருப்போம்.

அப்படியானால் ஒரு நாளின் திட்டத்தை எப்படிப் போடுவது?

இரவு எங்கே நிற்கப்போகிறோம் என்பதிலிருந்து பின்னோக்கிப் போடவேண்டும். இந்தப் பாதையில் நாளைத் தீர்மானிப்பவை மூன்று: பாலம் திறக்கும் நேரம், கடல்நீர் ஏறி வற்றும் நேரம், பகல் வெளிச்சம். படகின் வேகம் அதற்குப் பிறகுதான். நவம்பரில் வட கரோலினாவில் மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டில் இந்தத் தடத்தில் போகாதீர்கள். நண்டுக்கூடு மிதவைகள், பாதி மூழ்கிய மரக்கட்டைகள், விளக்கில்லாத கம்பங்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மரினாவுக்கு மாலை 3 மணிக்குள் போய்ச் சேர்வதாகக் கணக்கிட்டால், ஏதாவது பிசகினாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும்.

பாலங்கள் நமக்காகத் திறக்குமா?

திறக்கும், நேரப்படி. நிலையான உயரப் பாலங்களில் நீர்மட்டத்துக்கு மேல் 65 அடி இடைவெளி இருக்கவேண்டும் என்பது பொது விதி. மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடி. இதெல்லாம் பாய்மரப் படகுக்காரர்களின் கவலை. தாழ்ந்த பாலங்கள் மேலே தூக்கும் வகையாகவோ பக்கவாட்டில் சுழலும் வகையாகவோ இருக்கும். பல பாலங்கள் மணிக்கு ஒருமுறை அல்லது அரை மணிக்கு ஒருமுறைதான் திறக்கும்.

வட கரோலினாவில் ஃபிகர் எய்ட் தீவுப் பாலமும் ரைட்ஸ்வில் பீச் பாலமும் 5 மைல் இடைவெளியில் இருக்கின்றன. முன்னது மணிக்கும் அரை மணிக்கும் திறக்கும், பின்னது மணிக்கு மட்டும். 10:30 மணிக்கு முதல் பாலத்தைத் தாண்டினால் அடுத்ததை 11 மணிக்குப் பிடிக்க மணிக்கு 10 மைல் வேகம் வேண்டும். எட்டு மைல் படகுக்கு அது நடக்காது. ஆகவே 10 மணித் திறப்பைப் பிடித்து, அவசரமில்லாமல் உருட்டிக்கொண்டு போகவேண்டும். பிடிக்கத் தவறினால் காற்றிலும் நீரோட்டத்திலும் ஒரே இடத்தில் படகை நிறுத்தி வைத்துக்கொண்டு சுற்றவேண்டியதுதான். அந்த அரை மணியில் கற்றுக்கொள்கிற படகோட்டம் எந்தப் பள்ளியிலும் கிடைக்காது.

மோட்டார் படகுக்கு ஒரு சலுகை உண்டு. அந்த இரண்டு பாலங்களும் மூடியிருக்கும்போதே ஏறத்தாழ 20 அடி இடைவெளி தருகின்றன. ஆன்டெனாவையும் சிறு கம்பத்தையும் மடக்கினால் பெரும்பாலான ட்ராலர்கள் அடியில் நுழைந்து போய்விடும். மடக்கக்கூடியதை மடக்காமல் பாலத்தைத் திறக்கச் சொல்வது விதிமீறலும்கூட. பாலத்தின் தூணில் இடைவெளியைக் காட்டும் அளவுப்பலகை இருக்கும். நீர் ஏற ஏற அந்த எண் குறையும். கிளம்புவதற்கு முன் உங்கள் படகின் உயரத்தை நீங்களே நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். விற்றவர் சொன்ன உயரத்தை நம்பவேண்டாம்.

பாலத்தோடு எப்படிப் பேசுவது?

விஎச்எஃப் வானொலியில். வர்ஜீனியா, வட கரோலினாவில் 13-ஆம் அலைவரிசை. தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடாவில் 9. பாலத்தின் பெயர், உங்கள் படகின் பெயர், எந்தத் திசையில் போகிறீர்கள் என்பது போதும். 16-ஆம் அலைவரிசை அவசர அழைப்புக்கும் முதல் தொடர்புக்கும் உரியது, எப்போதும் அதில் காது இருக்கவேண்டும். நம் உச்சரிப்பு புரியுமா என்று பலர் தயங்குகிறார்கள். நிதானமாகப் பேசினால் புரியும். சொல்லப்போனால், தென் கரோலினாவின் சில பாலப் பொறுப்பாளர்கள் பேசுவதுதான் எனக்கு இன்னும் பாதி புரிவதில்லை.

லாக் என்கிறார்களே, அது என்ன?

இருபுறமும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. படகை உள்ளே விட்டு, நீரை ஏற்றியோ இறக்கியோ மறுபுறத்து மட்டத்துக்குக் கொண்டுபோய்த் திறந்துவிடுவார்கள். நார்ஃபோக்கிலிருந்து தெற்கே போக இரண்டு வழிகள் உண்டு. 1859-இல் திறந்த ஆல்பமார்ல்-செசபீக் கால்வாய் வழியில் கிரேட் பிரிட்ஜ் என்ற ஒரே லாக், இரண்டு மூன்று அடிதான் ஏற்றம். டிஸ்மல் ஸ்வாம்ப் வழியில் இரண்டு லாக்குகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 8 அடி. கட்டணம் இல்லை. கயிற்றைக் கையில் பிடித்து விட்டுவிட்டுத் தளர்த்தவேண்டும். கட்டி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தால், நீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கும்.

எது நல்லது என்று கேட்டால், ஆழமும் நேரமும் வேண்டுகிறவர்கள் முதல் வழியில் போகட்டும். எனக்குப் பிடித்தது டிஸ்மல் ஸ்வாம்ப். இரு கரையிலும் காடு, தேநீர் நிறத்தில் தண்ணீர், படகுப் போக்குவரத்தும் சொற்பம். ஆழம் ஏறத்தாழ 6 அடிதான். வெயில் காலத்தில் மேலே பச்சைப் பாசி படர்ந்து என்ஜினைக் குளிர்விக்கும் நீரின் வடிகட்டியை அடைக்கும். புயலுக்குப் பிறகு விழுந்த மரங்களை அகற்றும்வரை மூடியும் வைப்பார்கள். கடலோரக் காவல்படையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போகவும்.

தண்ணீர் எவ்வளவு ஆழம்? தரைதட்டுமா?

ராணுவப் பொறியாளர் படைதான் இந்தப் பாதையைப் பராமரிக்கிறது. நார்ஃபோக் முதல் ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி, அங்கிருந்து மயாமி வரை 10 அடி என்பது அனுமதிக்கப்பட்ட ஆழம். அனுமதி வேறு, நிலைமை வேறு. கடல் முகத்துவாரம் தடத்தைக் குறுக்கே வெட்டும் இடங்களில் ஒவ்வொரு புயலும் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வட கரோலினாவின் லாக்வுட்ஸ் ஃபாலி, ஷலோட், ஃபுளோரிடாவின் மட்டான்ஸஸ் ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். தூர்வாரும் பணம் பெரும்பாலும் சரக்குப் போக்குவரத்தின் அளவைப் பார்த்தே ஒதுக்கப்படுகிறது. இந்தப் பாதையில் சரக்குப் படகுகள் குறைந்து, எங்களைப் போன்ற உல்லாசப் படகுகள் மிகுந்துவிட்டன. எங்களுக்காக யார் தூர்வாருவார்கள்?

பொறியாளர் படை அவ்வப்போது ஆழத்தை அளந்து வெளியிடும் படங்களைச் சில வரைபடச் செயலிகள் திரையில் விரித்துக் காட்டுகின்றன. பழைய வரைபடத்தில் நேர்க்கோடாக இருக்கும் தடம், அந்தப் படத்தில் மணல்திட்டைச் சுற்றி வளைந்திருக்கும். வளைவையே நம்புங்கள்.

தரைதட்டிவிட்டால் முதலில் என்ஜினை முடுக்காதீர்கள். முடுக்கினால் இன்னும் மேலே ஏறுவோம், சேறும் குளிர்நீர்க் குழாயில் போகும். நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் தேநீர் போட்டுக் குடித்துவிட்டுக் காத்திருக்கலாம். வற்றிக்கொண்டிருந்தால் உடனே, மெதுவாக, வந்த வழியே பின்னோக்கி எடுக்கவேண்டும். உயிருக்கு ஆபத்து இல்லாதவரை கடலோரக் காவல்படை இழுத்துவிட வராது. அதற்குத் தனியார் இழுவைப் படகுகள் உண்டு. ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு இலவசம் அல்லது சலுகை, கட்டாதவர்களுக்கு ஒரே அழைப்பில் பல ஆண்டுச் சந்தாத் தொகை போய்விடும்.

ஏற்றவற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவா?

இல்லை, பலரும் ஏமாறுவது இங்கேதான். ஜார்ஜியாவில் கடல்நீர் 7 முதல் 9 அடி வரை ஏறி இறங்கும். ஹெல் கேட், லிட்டில் மட் ஆறு, ஜெக்கில் ஓடை போன்ற ஆழங்குறைந்த இடங்களை நீர் பாதிக்கு மேல் ஏறிய பிறகு கடப்பதே வழக்கம். உச்ச ஏற்றத்தில் அங்கே தரைதட்டினால் மறுபடி மிதக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இடையில் படகு சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஆகவே உச்சத்துக்குக் கொஞ்சம் முன்பே போய்விட வேண்டும்.

வட கரோலினாவின் ஆல்பமார்ல், பாம்லிகோ சவுண்டுகளில் (அகன்ற கழிகள்) நிலவுக்கு வேலையே இல்லை, காற்றுதான் எஜமான். ஒரு பக்கமாகக் காற்று நீண்ட நேரம் அடித்தால் நீர்மட்டம் ஓரிரு அடி ஏறும் அல்லது இறங்கும். அட்டவணையைப் பார்த்துப் பயனில்லை. ஆல்பமார்ல் சவுண்டு அகலமானது, ஆழம் குறைவு. அதனால் காற்று கொஞ்சம் வலுத்தாலும் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும்பிப் படகை உலுக்கிவிடும். முழுப் பயணத்திலும் வானிலை அறிக்கையை நான் இரண்டு முறை வாசிக்கும் இடம் இதுதான்.

சிவப்பு, பச்சைக் கம்பங்களில் எது எந்தப் பக்கம்?

தெற்கே போகும்போது சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். ஆனால் துறைமுக முகத்துவாரங்களைக் கடக்கும்போது அங்குள்ள கம்பங்கள் கடலிலிருந்து வரும் கப்பல்களுக்கு ஏற்ப நடப்பட்டவை. நமக்கு நிறம் தலைகீழாகத் தெரியலாம். அந்த இடத்தில் கம்பத்தின் நிறத்தை மறந்துவிட்டு, அதில் ஒட்டியுள்ள சிறு மஞ்சள் அடையாளத்தைப் பாருங்கள். தெற்கே போகிறவருக்கு மஞ்சள் முக்கோணம் வலப்பக்கம், மஞ்சள் சதுரம் இடப்பக்கம். கம்பத்தின் மேல் நிறம் எதுவானாலும் மஞ்சள் சொல்வதுதான் இந்தப் பாதையின் சட்டம்.

மரினாவில் இடம் எப்படிக் கிடைக்கும்? செலவு என்ன?

காலையிலோ முந்தின நாளோ தொலைபேசியில் கூப்பிட்டுப் பதிவு செய்வது நல்லது. அக்டோபர், நவம்பரில் குளிருக்குத் தெற்கே ஓடுகிறவர்கள் கூட்டமாக வருவார்கள், வார இறுதிகளில் இடம் கிடைப்பது கடினம். படகின் நீளம், அகலம், நீருக்குள் எவ்வளவு அமிழும், எந்த மின்இணைப்பு வேண்டும் என்று கேட்பார்கள்.

கட்டணம் அடிக் கணக்கு. ஓர் இரவுக்கு ஓர் அடிக்கு 2 முதல் 4 டாலர் என்பது பரவலான விலை, தென் ஃபுளோரிடாவில் அதைவிட எகிறும். 40 அடிப் படகுக்கு 80 முதல் 160 டாலர் என்று வையுங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத் தட்டும் பின்னால் தொங்கும் சிறு படகும் நீளத்தில் சேரும். மின்சாரம் பல இடங்களில் தனி. ஒரு வாரம், ஒரு மாதம் என்று தங்கினால் நாள் கணக்கு வெகுவாகக் குறையும். நகராட்சி மரினாக்கள் பெரும்பாலும் மலிவு, ஊரின் நடுவிலும் இருக்கும். செயின்ட் அகஸ்டின், வீரோ பீச் போன்ற ஊர்களில் நீரில் நிலையாகப் பதித்த மிதவைகளில் கட்டிக்கொள்ளலாம், கட்டணம் இன்னும் குறைவு.

நங்கூரமிட்டால் செலவே இல்லை. நாங்கள் இரண்டு மூன்று இரவு நங்கூரத்தில், ஓர் இரவு மரினாவில் என்று போகிறோம். குளியல், துணி, தண்ணீர், கழிவுத் தொட்டி எல்லாம் அந்த ஓர் இரவில் முடிந்துவிடும்.

படகை மரினாவில் கட்டுவதுதான் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பயம் நியாயமானது. பார்வையாளர்கள் எப்போதும் உண்டு, அவர்களில் பாதிப்பேர் அறிவுரை சொல்வார்கள்.

நுழைவதற்கு முன்பே வானொலியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தப் பக்கம் கட்டவேண்டும், துறை மிதப்பதா நிலையானதா, இப்போது நீரோட்டம் எந்தத் திசையில் போகிறது. வெளியே நின்றபடியே கயிறுகளையும், மோதலைத் தாங்கும் ஃபெண்டர்களையும் அந்தப் பக்கத்தில் தயார் செய்யுங்கள். காற்றைக் கண்ணால் பார்க்கலாம். நீரோட்டம் தெரியாது, தூண்களைச் சுற்றி நீர் சுழிப்பதைப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். சார்ல்ஸ்டன், ஜார்ஜியா பக்கம் ஓட்டம் பலமானது. நீர் நின்று திரும்பும் இடைவேளையில் போய்ச் சேருமாறு கிளம்புவதே பாதி வேலையை முடித்துவிடும். ஓட்டத்தை எதிர்த்து நுழையுங்கள். மோதும் வேகத்துக்குமேல் எந்தத் துறையையும் அணுகாதீர்கள் என்பார்கள் பழையவர்கள். அதாவது, மோதினாலும் சேதமாகாத வேகம்.

முதலில் படகின் நடுக்கயிற்றைக் கட்டுங்கள். அது பிடித்துவிட்டால் மற்றவற்றை நிதானமாகக் கட்டலாம். யாரும் துறைக்குத் தாவவேண்டாம். படகுக்கும் துறைக்கும் நடுவே கையையோ காலையோ வைத்துத் தள்ளவும் வேண்டாம். பத்து டன் எடையைக் கால் நிறுத்தாது. கயிறு வாங்கிக் கட்டும் பணியாளருக்குச் சில டாலர் கொடுப்பது வழக்கம்.

மிதக்கும் துறையில் கயிறு படகோடு ஏறி இறங்கும், கவலையில்லை. நிலையான துறையில் வற்றத்துக்கு இடம்விட்டுக் கட்டவேண்டும், இல்லையெனில் விடியற்காலையில் கயிறு முறுகும் சத்தமே எழுப்பிவிடும்.

படகில் சமைக்கலாமா? சோறு, சாம்பார்?

தாராளமாக. ஆனால் கரை மின்சாரத்தின் கணக்கு தெரிந்திருக்கவேண்டும். 30 ஆம்பியர் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசி, வெந்நீர்க் கொதிகலன், ரைஸ் குக்கர், மிக்ஸி நான்கும் ஒன்றாக ஓடினால் துறையிலுள்ள சுவிட்ச் விழுந்துவிடும், இருட்டில் டார்ச்சோடு போய்த் தூக்கிவிட்டு வரவேண்டும். கொதிகலனை அணைத்துவிட்டுக் குக்கரைப் போடுங்கள். ஓடும்போது குழம்பு வைக்காதீர்கள், பக்கத்தில் ஒரு வேகப் படகு போனால் சுவரெல்லாம் சாம்பார். பருப்பு, புளி, மிளகாய்த்தூள் முதலியவற்றை நார்ஃபோக்கிலேயே ஏற்றிக்கொள்வது நல்லது. நடுவிலுள்ள சிற்றூர்களில் கிடைக்காது.

கழிவறை?

கழிவு தொட்டியில் சேரும். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை வெளியேற்றுவது சட்டவிரோதம், இந்தப் பாதை முழுவதும் அதற்குள் அடங்கும். வெளியேற்றும் வால்வைப் பூட்டி வைத்திருக்கவேண்டும், சோதனையும் செய்வார்கள். மரினாவில் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பல இடங்களில் இலவசம் அல்லது சில டாலர்.

மரினாவில் குழந்தைகள் நீந்தலாமா?

கூடாது. ஏதாவது ஒரு படகிலோ துறையிலோ மின்கசிவு இருந்தால், நீரில் இருப்பவரின் தசைகள் செயலிழந்து மூழ்கிவிடுவார், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காரணமே தெரியாது. உப்புக் குறைந்த நீரில் ஆபத்து அதிகம். கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஓடும் படகின் திறந்தவெளியில் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவேண்டும் என்பது மத்திய அரசுச் சட்டம், சில மாநிலங்களில் வயது வரம்பு வேறு. துறையில் ஓடி விளையாடும்போதும் எங்கள் படகில் அதே விதிதான்.

உரிமம் வேண்டுமா?

கார் ஓட்டுநர் உரிமம் போல ஒன்று இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் பாதுகாப்புப் பாடச் சான்றிதழ் கேட்கிறார்கள். வர்ஜீனியாவில் 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள மோட்டார் படகை ஓட்டும் எல்லோருக்கும், ஃபுளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ பின்னரோ பிறந்தவர்களுக்கு. சட்டத்தைவிடக் கடுமையானவர் காப்பீட்டுக்காரர். அனுபவம் இல்லாதவர் பெரிய படகு வாங்கினால், உரிமம் பெற்ற கேப்டனோடு சில நாள் ஓட்டிப் பழகிய பிறகே பாலிசி தருவார்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நவம்பருக்கு முன் இன்ன அட்சரேகைக்குத் தெற்கே போகக்கூடாது என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்புவதற்குக் காரணம் இதுதான். வடக்கே திரும்புவது ஏப்ரல், மே.

ராணுவம் வழிமறிக்கும் என்கிறார்களே?

நார்ஃபோக் பெரிய கடற்படைத் தளம். கடற்படைக் கப்பலுக்கு 500 கெஜத்துக்குள் வந்தால் வேகத்தை மிகவும் குறைக்கவேண்டும், 100 கெஜத்துக்குள் நெருங்கவே கூடாது. வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் மரைன் படைத் தளத்தில் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் நாட்களில் பாதையை மூடிவைப்பார்கள். காத்திருந்து போகவேண்டும். பயிற்சி நாட்களை முன்கூட்டி அறிவிப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

வெள்ளைப் படகுகளின் முன்பகுதியில் பழுப்பு மீசை தெரிகிறதே, அது என்ன?

சதுப்பு மரங்களின் இலையும் பட்டையும் ஊறிய நீர். அதன் கறை நீர்க்கோட்டுக்கு மேல் ஒட்டிக்கொள்ளும். கடையில் விற்கும் அமிலக் கலவையால் ஒரே துடைப்பில் போகும், எலுமிச்சைச் சாறும் ஓரளவு வேலை செய்யும். சிலர் துடைப்பதே இல்லை. எங்கிருந்து வருகிறோம் என்பதற்கு அது அத்தாட்சி.

எந்த ஊர்களில் நிற்கவேண்டும்?

என் விருப்பத்தைச் சொல்கிறேன். வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் வந்து போகும் படகுகளுக்கு இலவசத் துறை உண்டு. 1983-இல் உள்ளூர்வாசிகள் சிலர், வந்திறங்கும் படகுக்காரர்களுக்கு ரோஜா கொடுத்து வரவேற்கத் தொடங்கினார்கள், அந்த நற்பெயர் இன்றும் ஊருக்கு இருக்கிறது. போஃபர்ட்டில் எதிர்க்கரைத் தீவில் காட்டுக்குதிரைகள் மேய்வதைப் படகிலிருந்தே பார்க்கலாம். தென் கரோலினாவின் வக்காமா ஆறு முழுப் பாதையிலும் அழகான பகுதி, சைப்ரஸ் மரங்கள் நீரிலேயே நிற்கும், அங்கே வேகமாகப் போகிறவர்களை எனக்குப் புரிவதில்லை. சார்ல்ஸ்டனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, பணம் மட்டும் கொண்டுபோங்கள். ஜார்ஜியாவின் கம்பர்லாந்து தீவில் மரினா கிடையாது. நங்கூரமிட்டுச் சிறு படகில் கரையேறி நடக்கவேண்டும். செயின்ட் அகஸ்டின் 1565-இல் ஸ்பானியர் அமைத்த ஊர், கிளிஞ்சல் கல்லால் கட்டிய கோட்டை மரினாவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. டைட்டஸ்வில்லில் ராக்கெட் ஏவும் நாள் அமைந்தால் படகின் மேல்தட்டே போதும்.

மயாமிக்கு முந்தின 70, 80 மைல் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே போகிறது. இருபுறமும் படகுகள் கிளப்பும் அலை சுவரில் மோதித் திரும்பி வந்து ஆட்டும். பாலத்துக்குப் பாலம் நிற்கவேண்டும். வானிலை அமைதியாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் கடல் வழியாகப் போவேன்.

ஒரு வாரம்தான் விடுமுறை. எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது?

நார்ஃபோக்கிலிருந்து வட கரோலினாவின் போஃபர்ட் வரை, 204 மைல். கால்வாய், லாக், சதுப்பு, அகன்ற சவுண்டு, சிற்றூர் மரினா என்று இந்தப் பாதையின் எல்லா முகங்களும் இதற்குள் வந்துவிடும். முதல் இரவு டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாயின் வரவேற்பு மையத்தில் (மைல் 28), இரண்டாவது எலிசபெத் சிட்டியில் (51). மூன்றாம் நாள் காற்று அனுமதித்தால் ஆல்பமார்ல் சவுண்டைக் கடந்து அலிகேட்டர் ஆற்றின் வாயருகே. அனுமதிக்காவிட்டால் எலிசபெத் சிட்டியிலேயே இன்னொரு நாள். பிறகு பெல்ஹேவன் (ஏறத்தாழ 136), ஓரியன்டல் (181), கடைசியாக ஓர் அரைநாளில் போஃபர்ட். கையில் ஒரு நாள் மிச்சம் இருக்கும், அதை ஆல்பமார்லுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். பெல்ஹேவனுக்கு முன் அலிகேட்டர்-பங்கோ கால்வாய் ஏறத்தாழ 20 மைல் பெரிய வளைவே இல்லாமல் போகும். அந்த நீளத்தில் சுக்கானைப் புதியவரிடம் கொடுத்துப் பழக்கலாம், மரக்கட்டைகளை மட்டும் யாராவது ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். படகு திரும்ப வேண்டாதவர்கள் ஒருவழி வாடகைக் காரை முன்பே பதிவு செய்துவிடுங்கள். சிற்றூர்களில் சனி மதியத்துக்கு மேல் வாடகைக் கார் அலுவலகம் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.